முப்பதில் எட்டு

லண்டன் ஓவல் மைதானம் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1998 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக முத்தையா முரளிதரன் ஒரே டெஸ்டில் 16 விக்கெட் எடுத்தது அங்கேதான். அந்த மைதானத்துக்கு எதிர்ப்பக்கம் ஆர்ச்பிஷப் டெனிசன்ஸ் என்றொரு செகண்டரி பள்ளி இருந்தது. அரசுப் பணத்தில் நடந்த சர்ச் பள்ளி, 1685ல் தொடங்கியது. 2023 கோடை விடுமுறையோடு அதை மூடிவிட்டார்கள். அடுத்த ஆண்டே அதே லாம்பெத் பரோவில் (பரோ என்பது லண்டனின் உள்ளாட்சிப் பிரிவு), டல்ஸ் ஹில்லில் இருந்த செயின்ட் மார்ட்டின் இன் தி ஃபீல்ட்ஸ் பெண்கள் பள்ளியும் மூடியது. அது 1699ல் தொடங்கியது. இரண்டு உலகப் போர்களைத் தாண்டி வந்த பள்ளிகள் இவை. போதிய பிள்ளைகள் சேராததால் முடிந்துபோயின.

ஹாக்னியில் 2024 கோடையில் நான்கு பிரைமரி பள்ளிகளின் கணக்கை ஒரே வீச்சில் முடித்தார்கள். டி போவார், ராண்டல் கிரீமர் இரண்டும் நேராக மூடப்பட்டன. கொல்வெஸ்டோன் பள்ளியை பிரின்சஸ் மே பள்ளியோடும், பேடன் பவல் பள்ளியை நைட்டிங்கேல் பள்ளியோடும் சேர்த்தார்கள். சேர்த்தாலும் ஒரு கட்டடத்தின் கதவு பூட்டத்தானே வேண்டும். ராண்டல் கிரீமர் 1903ல் சமாதான நோபல் பரிசு பெற்றவர். அவர் பெயர் தாங்கிய பள்ளிக்காகப் பெற்றோர் கூட்டம் போட்டார்கள், மனுக் கொடுத்தார்கள். முடிவு மாறவில்லை. கேம்டன், இஸ்லிங்டன், சதக் என்று உள் லண்டன் பரோக்கள் பலவற்றில் இதே கதைதான், பள்ளிப் பெயர்தான் வேறு.

இதைக் கேட்டால் நம்மவர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அது உள் லண்டன் விவகாரம். நாம் இருப்பது ஹாரோவில், இல்ஃபோர்டில், குரோய்டனில். இங்கே பள்ளியில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. அந்தப் பதிலை நம்பி வீடு வாங்குகிறவர்களையும், பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறவர்களையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கணக்கு அவர்கள் பக்கம் இல்லை.

லண்டனில் ஆள் குறைந்துவிட்டதா என்றால் இல்லை. 2021 கணக்கெடுப்பில் 88 லட்சம் பேர். 2024 நடுப்பகுதி மதிப்பீட்டில் 90 லட்சத்தைத் தாண்டிவிட்டது. லண்டன் இவ்வளவு பெரிதாக எப்போதும் இருந்ததில்லை. ஊர் பெருக்கிறது, பள்ளி இளைக்கிறது. முரணாகத் தெரியும் இதற்கு விடை பிறப்புப் பதிவேட்டில் இருக்கிறது. 2012ல் லண்டனில் பிறந்த குழந்தைகள் 1,34,186. 2021ல் 1,10,961. ஒன்பது ஆண்டில் 23,225 குழந்தைகள் குறைவு. 17 விழுக்காடு வீழ்ச்சி. முப்பது பேர் கொண்ட வகுப்பாகப் பார்த்தால், பிறந்த எல்லாரும் அரசுப் பள்ளிக்கே வருவதாக வைத்துக்கொண்டால், ஓராண்டு வயதுக்காரருக்கு மட்டும் 770க்கு மேற்பட்ட வகுப்பறைகள் வேண்டாமல் போகின்றன. 2023ல் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் லண்டனில் 1.35 என்ற அளவுக்கு வந்துவிட்டது.

இந்தக் கணக்கில் ஊகத்துக்கு வேலை குறைவு. பிறந்த பிள்ளை நாலு வயதில் ரிசப்ஷனுக்கு வரும், பதினொன்றில் இயர் செவனுக்கு வரும். 2012-13 பள்ளியாண்டில் பிறந்தவர்கள் 2017 செப்டம்பரில் ரிசப்ஷனுக்கு வந்தார்கள், 2024 செப்டம்பரில் செகண்டரிக்குள் நுழைந்தார்கள். பிரைமரியில் 2017ல் தொடங்கிய சரிவு 2024ல்தான் செகண்டரியின் வாசலுக்கு வந்தது என்று இதற்குப் பொருள். 2021 இலையுதிர் காலத்தில் பிறந்த பிள்ளை செகண்டரிக்குப் போவது 2033ல். அந்த ஆண்டுக்கு எத்தனை மேசை வேண்டும் என்பதைப் பெரும்பாலும் இன்றே எண்ணிச் சொல்லிவிடலாம்.

சொல்லியும் இருக்கிறார்கள். 32 பரோக்களும் சிட்டி ஆஃப் லண்டனும் சேர்ந்த லண்டன் கவுன்சில்ஸ் என்ற அமைப்பு 2023 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-23க்கும் 2026-27க்கும் இடையே ரிசப்ஷன் பிள்ளைகள் 7.6 விழுக்காடு குறைவார்கள், ஏறக்குறைய 243 வகுப்புகளுக்குச் சமம் என்றது. மறு ஆண்டு அறிக்கையில் இயர் செவனும் இறங்குமுகத்தில் சேர்ந்துகொண்டது. ஒளித்துவைத்த தகவல் எதுவும் இல்லை.

பிறப்பு குறைந்தது பாதிக் கதை. பிறந்த பிள்ளைகளிலும் பலர் லண்டனில் தங்குவதில்லை. சராசரி வீட்டு விலை ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் நிற்கும் ஊரில் இரண்டாவது பிள்ளைக்கு ஓர் அறை என்பது சிறிய விஷயமல்ல. பெனிஃபிட் எனும் அரசு உதவித்தொகைக்கு வைத்த உச்சவரம்பு, அந்த உதவி இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் என்று 2017ல் வந்த வரம்பு, தனியார் வாடகை, பிரெக்சிட்டுக்குப் பின் திரும்பிப் போன ஐரோப்பியக் குடும்பங்கள், கோவிட் காலத்தில் வெளியேறியவர்கள்: எல்லாம் சேர்ந்து ஒரே திசையில் தள்ளின. 2011க்கும் 2021க்கும் இடையே கென்சிங்டன் அண்ட் செல்சி 9.6 விழுக்காடு மக்களை இழந்தது; வெஸ்ட்மின்ஸ்டர் 6.9, கேம்டன் 4.6. அதே பத்தாண்டில் டவர் ஹாம்லெட்ஸ் 22.1 விழுக்காடு வளர்ந்து இங்கிலாந்திலேயே முதலிடம் பிடித்தது. அங்கே எழும்பும் கண்ணாடிக் கோபுரங்களில் ஓரறை, ஈரறை வீடுகள்தான் நிறைய. அவற்றில் குடியேறுகிறவர்கள் வரி கட்டுவார்கள், ரயிலை நிறைப்பார்கள், உணவகத்தை வாழவைப்பார்கள். ரிசப்ஷனை நிறைக்கமாட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்துகொண்டுதானே இருக்கிறார்கள் என்ற வாதமும் இப்போது நொண்டுகிறது. 2024 ஜனவரி முதல் ஆராய்ச்சிப் படிப்பு தவிர மற்ற மாணவர் விசாவில் வருகிறவர்கள் குடும்பத்தை அழைத்துவரக் கூடாது. அதே ஆண்டு மார்ச்சில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வந்தவர்களுக்கும் அதே தடை வந்தது. இந்த இரண்டு விசாவிலும் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் எத்தனை பேர் வந்தார்கள் என்பது ஈஸ்ட் ஹாமில் அறை வாடகைக்கு விடுகிற யாரைக் கேட்டாலும் தெரியும். வந்தவர்களோடு பிள்ளைகளும் வந்து, ஆண்டு நடுவில் ஏதாவது ஒரு வகுப்பில் சேர்ந்தார்கள். காலி மேசைகளைக் கொஞ்ச காலம் மறைத்து வைத்தது அந்தச் சேர்க்கைதான். அந்தக் கதவு பாதி சாத்தியாகிவிட்டது.

இனிப் பணம். பள்ளிகளை மூடவைப்பது கொள்கையைவிடப் பணம்தான்.

இங்கிலாந்தில் அரசுப் பள்ளிக்கு வரும் நிதியில் பெரும்பங்கு தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருகிறது. அக்டோபர் முதல் வியாழக்கிழமை நடக்கும் பள்ளிக் கணக்கெடுப்பில் எத்தனை பெயர் இருக்கிறதோ, அதுவே கவுன்சில் பள்ளிகளுக்கு அடுத்த ஏப்ரலில் தொடங்கும் பட்ஜெட். பிரைமரி பிள்ளை ஒருவருக்குக் குறைந்தபட்சம் என்று அரசு 2025-26க்கு வைத்திருந்த தொகை 4,955 பவுண்டு. லண்டன் பள்ளிகள் பலவற்றுக்கு இதைவிடக் கூடுதலாகவே வரும். கணக்குக்கு இதையே வைத்துக்கொள்வோம்.

ரிசப்ஷன், இயர் ஒன், இயர் டூ வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் பள்ளியின் வாழ்க்கையே முப்பதின் மடங்கில் ஓடுகிறது. ஒரு வகுப்பில் 22 பேர்தான் சேர்ந்தார்கள் என்று வையுங்கள். எட்டு இடம் காலி. 39,640 பவுண்டு வராது. வெளி லண்டனில் புதிதாகச் சேரும் ஆசிரியரின் ஆண்டுச் சம்பளம் அதே ஆண்டில் 37,870 பவுண்டு. முப்பதில் எட்டு மேசை காலியானால் ஓர் ஆசிரியரின் சம்பளம் காணாமல் போகிறது. ஆனால் அந்த ஆசிரியரை அனுப்ப முடியாது. 22 பிள்ளைக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். ஹீட்டிங் குறையாது, கூரை ஒழுகுவது குறையாது, ஆபீசில் இருக்கிறவருக்கும் கேர்டேக்கருக்கும் சம்பளம் குறையாது. ஆசிரியர் ஓய்வூதியத்துக்குப் பள்ளி கட்ட வேண்டிய பங்கு சம்பளத்தில் 28 விழுக்காட்டுக்கு மேல், அது தனி. ரிசப்ஷனிலிருந்து இயர் சிக்ஸ் வரை ஏழு வகுப்பிலும் எட்டெட்டு காலி என்றால் 2,77,480 பவுண்டு. ஒரு வகுப்புக்கு ஒரு பிரிவு மட்டும் உள்ள சிறிய பள்ளிக்கு அது தாங்கக்கூடிய அடி அல்ல.

பள்ளி ஒரே நாளில் சாவதில்லை. நாலைந்து ஆண்டு இளைத்து இளைத்துத்தான் சாகும். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. முதலில் போவது வகுப்பில் உதவிக்கு நிற்கும் டீச்சிங் அசிஸ்டன்ட். ஆங்கிலம் இன்னும் வாய்க்குப் பழகாத பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் அவர்தான். அடுத்தது வாரம் ஒரு நாள் வரும் இசை ஆசிரியர். பிறகு இயர் த்ரீயையும் இயர் ஃபோரையும் ஒரே வகுப்பில் உட்காரவைப்பார்கள். பிறகு தலைமையாசிரியர் இரண்டு பள்ளிக்கு ஒருவராகிவிடுவார். இவை எதுவும் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட்டின் அறிக்கையில் முதல் பக்கத்தில் வராது.

அண்மையில் ஒரு பிரைமரி பள்ளியின் ஓபன் மார்னிங்கில் ரிசப்ஷன் வகுப்பைச் சுற்றிக் காட்டினார்கள். சுவரோரம் சிறிய கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு விலங்குப் படம், படத்தின் கீழ் பிள்ளையின் பெயர். ஆமை, ஆந்தை, நரி. கடைசி வரிசையில் ஏழெட்டு விலங்குகளுக்குப் பெயர் இல்லை. சுற்றிக் காட்டியவர் புதிய நூலகத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். வந்திருந்த பெற்றோர் கேட்ட கேள்விகள் சாப்பாடு, சீருடை, ஆஃப்டர் ஸ்கூல் கிளப் பற்றியவை. கொக்கிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பொய் சொல்லியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். அந்த எண்ணிக்கை பொதுவில் கிடைக்கும் ஒன்றுதான்.

இப்போது நம்முடைய புறநகருக்கு வருவோம். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழே முதன்மை மொழி என்று எழுதியவர்கள் ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் பேர். ஹாரோ, பிரெண்ட், ரெட்பிரிட்ஜ், நியூஹாம், ஈலிங், குரோய்டன், மெர்ட்டன், சட்டன் என்று தமிழர் செறிந்த இடங்களில் பெரும்பாலானவை வெளி லண்டனில் இருக்கின்றன. இந்தப் பரோக்களில் மக்கள்தொகை கூடியிருக்கிறது: ஹாரோ பத்தாண்டில் 9 விழுக்காட்டுக்கு மேல், ரெட்பிரிட்ஜ் 11, நியூஹாம் 14. இதைக் காட்டித்தான் எஸ்டேட் ஏஜென்ட் வீடு விற்கிறார். ஆனால் மேலே பார்த்தபடி, மொத்தத் தலையை எண்ணினால் ரிசப்ஷன் தெரியாது.

வெளி லண்டனில் மூடல் நடக்கவில்லை என்பதும் உண்மையல்ல. அப்பர் நார்வுட்டில் 1848ல் கன்னியர் தொடங்கிய வர்கோ ஃபிடெலிஸ் பெண்கள் செகண்டரி பள்ளி 2021ல் மூடியது. அதே குரோய்டன் பரோவில் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச் ஆஃப் இங்கிலாந்து பள்ளியும் மாணவர் குறைந்து முடிவுக்கு வந்தது. வெம்பிளிப் பக்கத்தில் ரோ கிரீன் பள்ளியின் ஸ்ட்ராத்கோனா வளாகம் இன்னும் நல்ல பாடம். பிரெண்டில் பிள்ளைகளுக்கு இடமே இல்லாத காலத்தில் கூடுதல் இடத்துக்காகத் திறந்த வளாகம் அது. சில ஆண்டுகளிலேயே இடம் மிஞ்சியது, மூட முடிவெடுத்தார்கள். ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்து பார்த்தார்கள். மூடித்தான் தீர்ந்தது.

கத்தோலிக்கப் பள்ளிகளை நம்பியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் லண்டன் வந்ததும் முதலில் தேடுவது பங்குக் கோவிலை, அடுத்தது அதை ஒட்டிய பள்ளியை. அந்தப் பள்ளிகளை ஒரு காலத்தில் ஐரிஷ் பிள்ளைகளும், பின்னர் போலந்து, போர்த்துகல் பிள்ளைகளும் நிறைத்தார்கள். பிரெக்சிட்டுக்குப் பின் அந்த ஊற்று மெலிந்துவிட்டது. மூடப்படும் பட்டியல்களில் சர்ச் பள்ளிகள் அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாமும் இந்தச் சரிவில் பங்காளிகள்தான். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் ஈஸ்ட் ஹாமுக்கும் டூட்டிங்குக்கும் வந்தவர்கள் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் இல்ஃபோர்டுக்கும் ஹாரோவுக்கும் மிட்சம் பகுதிக்கும் நகர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது ஸ்லவ், மில்ட்டன் கீன்ஸ், நார்த்தாம்ப்டன் என்று இன்னும் வெளியே வீடு பார்க்கிறார்கள். ஒவ்வொரு நகர்வும் பின்னால் விட்டுப்போன பள்ளியில் ஒரு கொக்கியைப் பெயரில்லாமல் ஆக்குகிறது. ஓடுவது யாருடைய தவறும் அல்ல. கடன் வாங்கித் திருப்பிக் கட்டக்கூடிய விலையில் வீடு அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு பழக்கம் நம்மவரிடம் அழுத்தமாக இருக்கிறது. எங்கள் வட்டத்தில் பள்ளிப் பேச்சு என்றாலே லெவன் பிளஸ் பரீட்சை, அதற்கு டியூஷன், அதில் தேறியவர்களைச் சேர்க்கும் கிராமர் ஸ்கூல். சட்டனில் வில்சன்ஸ், கிங்ஸ்டனில் டிஃபின், பார்னெட்டில் குயின் எலிசபெத்ஸ், ரெட்பிரிட்ஜில் இல்ஃபோர்ட் கவுன்டி ஹை. இந்தப் பள்ளிகளில் இடம் ஒருபோதும் காலியாகாது. ஒரு பரோவில் பிள்ளைகள் குறையும்போது, பெயர் பெற்ற பள்ளி பக்கத்துப் பரோவிலிருந்து இழுத்து நிறைத்துக்கொள்ளும். இழப்பு முழுவதும் நடுத்தரப் பள்ளியின் தலையில் விழும். பரீட்சை எழுதும் தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் கடைசியில் போய்ச் சேர்வது அந்த நடுத்தரப் பள்ளிக்குத்தான். அதன் பட்ஜெட்டைப் பற்றி நம் வீடுகளில் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பள்ளி மூடினால் பிள்ளைக்கு என்ன ஆகும்? அமெரிக்காவில் சிகாகோ நகரம் 2013ல் ஒரே தடவையில் சுமார் 50 அரசுப் பள்ளிகளை மூடியது. பிள்ளைகள் குறைந்த, பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2018ல் அறிக்கை தந்தார்கள். படிப்பு மிகவும் அடிபட்டது மூடப்போவதாக அறிவித்த அந்த ஆண்டில்தான், இன்னும் பழைய பள்ளியில் இருக்கும்போதே. கணிதத்தில் விழுந்த அடி சில ஆண்டுகளுக்கு நீடித்தது. லண்டன் சிகாகோ அல்ல. ஆனால் அறிவிப்புக்கும் மூடலுக்கும் இடையே நல்ல ஆசிரியர்கள் வேறு வேலை தேடிப் போவதும், வசதியுள்ள பெற்றோர் முதலில் பிள்ளையை எடுப்பதும், கடைசிவரை இருப்பவர்கள் போக்கிடமில்லாதவர்களாக இருப்பதும் எந்த ஊரிலும் ஒன்றுபோல்தான் நடக்கும். விசேஷத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு இது இரட்டை அடி. இங்கிலாந்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான சட்டபூர்வமான திட்டம், இஎச்சிபி என்று எல்லாரும் சொல்வது, 2025 ஜனவரியில் 6 லட்சத்து 38 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. புதிய பள்ளி, புதிய முகங்கள், புதிய பாதை என்பது ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வீட்டாருக்குத் தெரியும்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளும் இந்த வளையத்துக்குள் வருகின்றன. அவை பெரும்பாலும் நடப்பது வாடகைக்கு எடுத்த அரசுப் பள்ளி வகுப்பறைகளில். பள்ளிக்குக் கையிருப்பு வற்றினால் முதலில் உயரக்கூடியது மண்டப வாடகை. கட்டடமே போய்விட்டால் இருநூறு பிள்ளைகளுக்குச் சேர்ந்தாற்போல் பத்து அறை வேறெங்கே கிடைக்கும்? நிர்வாகக் குழுக்கள் குத்தகைப் பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது அந்தப் பள்ளியின் ரிசப்ஷன் எண்ணிக்கையையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது நிலம். லண்டன் இந்த நாடகத்தை ஒரு முறை ஆடி முடித்திருக்கிறது. 1939ல் 86 லட்சமாக இருந்த மக்கள்தொகை எண்பதுகளில் 70 லட்சத்துக்குக் கீழே வந்தது. உள் லண்டன் பள்ளிகளை நிர்வகித்த ஐஎல்இஏ அந்தச் சரிவுக் காலத்தில் பள்ளிகளை மூடியது, இணைத்தது. 1990ல் அதையே கலைத்துவிட்டார்கள். விக்டோரியா காலத்து மூன்று மாடிச் செங்கல் பள்ளிகள் பல அடுக்குமாடி வீடுகளாக மாறின. உயர்ந்த ஜன்னல், நல்ல வெளிச்சம் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அந்த வெளிச்சம் பிள்ளைகள் படிப்பதற்காக வைத்தது. இருபது ஆண்டு கழித்து அலை திரும்பியது. 2013ல் இதே லண்டன் கவுன்சில்ஸ், சில ஆண்டுகளுக்குள் 1,18,000 பள்ளி இடங்கள் பற்றாக்குறையாகும் என்று அபாய மணி அடித்தது. விளையாட்டுத் திடலில் தற்காலிகக் கொட்டகை, ஒரே ஆண்டுக்குக் கூடுதல் வகுப்பு, வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் ரிசப்ஷன் பிள்ளை. அந்தக் காலத்தில் பிள்ளை சேர்த்த பெற்றோருக்கு இது நினைவிருக்கும். 2015ல் மக்கள்தொகை பழைய உச்சத்தைத் தாண்டியது. விற்ற நிலத்தைத் திரும்ப வாங்க எந்த கவுன்சிலிடமும் பணம் இருக்கவில்லை.

பிறப்பு விகிதம் உடனே திரும்பிவிடும் என்று நான் சொல்லவில்லை; திரும்பாமலே போகலாம். யாழ்ப்பாணத் தீவகத்தில் போரில் ஊர் பெயர்ந்த பின் பூட்டிக்கிடந்த பள்ளிகளைப் பார்த்தவர்களுக்கு, சில இடங்களில் பிள்ளைகள் திரும்புவதே இல்லை என்பதும் தெரியும். ஆனால் கட்டடத்தைக் கைவசம் வைத்திருக்க வழி இருக்கும்போது விற்பது அவசரம். வழியும் இருக்கிறது. காலி வகுப்பறைகளை விசேஷத் தேவைப் பிரிவுகளாக மாற்றலாம். அதற்குத்தான் இன்று பெருந்தட்டுப்பாடு. பள்ளிகளின் காலி அறைகளில் நர்சரி தொடங்கும் திட்டத்தை அரசே 2024ல் அறிவித்தது, இலக்கு 3,000. முப்பது பிள்ளைக்கான ஒரு பிரிவாகச் சுருங்கினாலும் கதவைத் திறந்து வைத்திருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. நிலம் விற்றால் வரவு உண்டு. பற்றாக்குறையில் தவிக்கும் கவுன்சில் எதை நோக்கிச் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

நிர்வாக அமைப்பிலும் ஒரு கோணல் இருக்கிறது. 2010க்குப் பின் பரவிய அக்கடமிகளும் ஃப்ரீ ஸ்கூல்களும் கவுன்சிலின் கட்டுப்பாட்டில் இல்லை. பரோ முழுவதும் எத்தனை இடம் வேண்டும் என்று திட்டமிடும் பொறுப்பு கவுன்சிலுக்கு. ஆனால் இடத்தைக் குறைத்துக்கொள் என்று அக்கடமியிடம் உத்தரவிட அதிகாரம் இல்லை. அதனால் வெட்டு விழுவது கவுன்சிலின் சொந்தப் பள்ளிகளில்தான். தெருவின் ஒரு பக்கப் பள்ளி விரிந்துகொண்டிருக்க, மறுபக்கப் பள்ளி மூடப்படுவதை இப்படித்தான் பார்க்க நேர்கிறது. இதைச் சரிசெய்யும் நோக்கில் 2024 டிசம்பரில் ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. தாமதம், என்றாலும் திசை சரி.

பெற்றோர் செய்யக்கூடியது என்ன? கவுன்சில் பள்ளியைச் சட்டப்படி மூட, கருத்துக் கேட்பு, பொது அறிவிப்பு, நாலு வார மறுப்புக் காலம், கவுன்சில் கேபினட் முடிவு என்று படிகள் உண்டு. நம்மவர்கள் விழிப்பது பெரும்பாலும் பொது அறிவிப்பு வாசல் கதவில் ஒட்டப்பட்ட பிறகு. அதற்குள் மனத்தளவில் முடிவு எடுத்தாகிவிட்டிருக்கும். கவனிக்க வேண்டிய தாள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வருகிறது. ஒரு பள்ளி தன் சேர்க்கை எண்ணை, பேன் என்று அவர்கள் சொல்வதை, 60லிருந்து 30 ஆகக் குறைக்க விரும்பினால் அக்டோபர் 1க்கும் ஜனவரி 31க்கும் இடையே குறைந்தது ஆறு வாரம் மக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும். பிப்ரவரி 28க்குள் முடிவை அறிவிக்க வேண்டும். அந்த முடிவு நடைமுறைக்கு வருவது அடுத்த ஆண்டு செப்டம்பரில், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து. குறைப்பது கெட்டதல்ல, பல பள்ளிகளைக் காப்பாற்றியதே அதுதான். ஆனால் ஒரு முறை குறைத்தும் அடுத்த ஆண்டும் மேசை நிறையவில்லை என்றால், அந்தப் பள்ளியின் கணக்கை உட்கார்ந்து கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கேட்கும் இடமும் இருக்கிறது. ஒவ்வொரு கவுன்சில் பள்ளியிலும் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் கவர்னர்கள் உண்டு. பட்ஜெட் அவர்கள் மேசைக்கு வருகிறது. கோவில் திருவிழாக் கமிட்டியில் இடம்பிடிக்கப் போட்டி போடும் நாம், கவர்னர் தேர்தல் கடிதம் பிள்ளையின் பையில் வந்தால் பெரும்பாலும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. ஆங்கிலம் போதாது என்ற தயக்கம் சிலருக்கு, நேரமில்லை பலருக்கு. கூட்டம் ஒரு தவணைக்கு ஓரிரண்டு மாலை நேரம்தான்.

பிரைமரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 15. அதை யாரும் தவறவிடுவதில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் ஓடத் தொடங்கிவிடும். அதற்குச் சரியாகப் பதினாறு நாள் கழித்து முடியும் கருத்துக் கேட்பைப் பற்றி அதே குழுக்களில் ஒரு செய்தி வந்து நான் பார்த்ததில்லை. உங்கள் பரோவின் இணையதளத்தில் பள்ளிச் சேர்க்கைப் பகுதிக்குள் அந்தத் தாள் கிடக்கும். அதில் உங்கள் தெருப் பள்ளியின் பெயருக்கு நேரே பழைய எண்ணும் புதிய எண்ணும் இருக்கும்.